அய்யா சொன்ன கருஞ்சிறுத்தை



போன பதிவில் காரைக்கால் அரசலாற்றுப் பாலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அடுத்து பள்ளிக்கூட நாட்களை எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் தள்ளிப்போகட்டும். ஒரு வருடத்துக்கு மேலாக எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று நினைத்து, வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்ட ஒன்றை இன்று எழுதிவிடுகிறேன்.

2024 ஜூன் மாதம். என் மருமகனுக்கு வடகாடு பக்கம் ஒரு தோப்பு இருக்கிறது. பலாவும் தென்னையும். கஜா புயலில், அதாவது 2018 நவம்பர் 16 அன்று, பாதிக்கு மேல் சாய்ந்துபோய் மிச்சம் நின்ற மரங்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வடகாடு, மாங்காடு, கீரமங்கலம் பலாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வருடம் பழுக்கிற பழத்தையெல்லாம் ராத்திரியில் ஏதோ ஒன்று வந்து தோண்டித் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மயில் என்றார் ஒருவர். நரி என்றார் ஒருவர். கோயம்புத்தூரில் படிக்கும் என் பேரன் லீவுக்கு வந்தபோது, ஆன்லைனில் வாங்கிய ஒரு தானியங்கிக் கேமராவை ஒரு தென்னை மரத்தில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் கட்டிவிட்டுப் போனான். எதிரே ஏதாவது வெதுவெதுப்பான உடம்பு அசைந்தால் அது தானாகவே படம் எடுக்கும். பகலில் கலரில் எடுக்கும். இருட்டிவிட்டால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம் அடித்து, கறுப்பு வெள்ளையில் எடுக்கும். படத்துக்குக் கீழே ஒரு பட்டையில் தேதி, மணி எல்லாம் இருக்கும்.

ஒரு சனிக்கிழமை காலை மருமகன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். "மாமா, இது என்னன்னு பாருங்க."

நான் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். பலா மர வேருக்குப் பக்கத்தில் ஒரு மிருகம். தலை வேருக்குப் பின்னால் மறைந்திருந்தது. தாழ்ந்த நீண்ட உடம்பு, தடித்த நீளமான வால், உச்சந்தலை முதல் வால்நுனி வரை அட்டக் கறுப்பு. பின்னால் விடிகிற வெளிச்சம் லேசாகத் தெரிந்தது. பட்டையில் மணி 05:41.

என் வாயில் முதலில் வந்தது தமிழ் வார்த்தை இல்லை. "பாந்தேர் நுவார்" என்றேன். கருஞ்சிறுத்தைக்குப் பிரெஞ்சு வார்த்தை.

இங்கே புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. நான் பிறந்தது 1950இல், காரைக்காலில். நாலு வயதில் பிரெஞ்சுக்காரர்கள் ஊரை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் பள்ளிக்கூடம் பிரெஞ்சில்தான் நடந்தது. நான் கணக்கு, பூகோளம், விலங்கியல் எல்லாம் படித்தது பிரெஞ்சில்தான். அப்பா காலமான பிறகு தாய்மாமா எங்களைப் புதுக்கோட்டைக்கு அழைத்து வந்தார். இங்கே வந்தபின்தான் தமிழில் பத்து வரி பிழையில்லாமல் எழுதக் கற்றுக்கொண்டேன். பிறகு பரீட்சை எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கோப்புகளோடு கோப்பாக வாழ்ந்து, 2008இல் ஓய்வு பெற்றேன். ஆனாலும் மிருகம், பறவை பெயர்கள் மட்டும் இன்றைக்கும் முதலில் பிரெஞ்சில்தான் வருகின்றன. எங்கள் வகுப்புச் சுவரில் தொங்கிய படத்தில் மரக்கிளைமேல் படுத்திருந்த அந்தப் பாந்தேர் நுவார் அறுபது வருடமாக என் மண்டைக்குள் படுத்திருக்கிறது. மருமகன் அனுப்பிய படம் அதைத் தட்டி எழுப்பிவிட்டது.

சரி, எழுந்தது எழுந்தது, மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். நான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "மாப்பிள்ளை, சந்தேகமே இல்லை. கருஞ்சிறுத்தை. வாலைப் பாருங்க. பிள்ளைகளை வெளியே விடாதீங்க."

சந்தேகமே இல்லை! முப்பத்தைந்து வருடம் அரசாங்கக் குறிப்பு எழுதியவன் நான். ஒரு தடவைகூட அந்த வார்த்தையை நான் கோப்பில் எழுதியதில்லை. 'காணப்படுகிறது', 'தெரிய வருகிறது', 'கருதலாம்' என்றுதான் எழுதுவோம். அன்றைக்கு எங்கே போனது அந்தப் பழக்கம்?

மருமகன் படத்தையும் என் குரலையும் சேர்த்தே பக்கத்துத் தோப்புக்காரருக்கு அனுப்பினார். அவர் இன்னொருவருக்கு. மத்தியானத்துக்குள் டீக்கடை, ரேஷன் கடை, பஸ் நிறுத்தம் எல்லா இடத்திலும் அதுதான் பேச்சு. யாரும் இதை நம்பமுடியாத கதையாக எடுத்துக்கொள்ளவில்லை. காரணம், அந்த ஏப்ரலில்தான் மயிலாடுதுறை டவுனுக்குள்ளேயே ஒரு சிறுத்தை நடந்தது தெருக் கேமராவில் பதிவாகி, வனத்துறையினர் கூண்டும் தானியங்கிக் கேமராவுமாகத் தேடி, கடைசியில் அது அரியலூர் மாவட்டத்தில் செந்துறைப் பக்கம் தென்பட்டது. காடே இல்லாத டெல்டாவில் சிறுத்தை வந்தபோது, நார்த்தாமலைப் பக்கம் கொஞ்சமாவது காடு இருக்கிற எங்கள் மாவட்டத்தில் வராதா? எல்லாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

"யாரு சொன்னா?" என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: "புதுக்கோட்டை அய்யா சொன்னாரு. பிரெஞ்சு படிச்சவரு."

பக்கத்துத் தோப்புக்காரருக்குப் பதினோரு ஆடுகள். கடன் வாங்கி வாங்கியவை. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அன்று ராத்திரியே மோட்டார் சைக்கிள் கிளட்ச் கேபிளைச் சுருக்குப் போட்டு, வேலியில் சந்து இருந்த நாலு இடத்தில் கண்ணி வைத்துவிட்டார். இது எனக்குத் தெரியாது. மருமகனுக்கும் தெரியாது.

ஞாயிறு ராத்திரி அதில் ஒன்று விழுந்தது. விழுந்தது ஒரு நாய். அந்தப் பக்கம் ஆடு மேய்க்கும் ஒரு அம்மா, தனியாக இருப்பவர். அவருடைய செவலை நாய். முன்னங்கால் கேபிளில் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகுகிற சுருக்கு. ராத்திரி பதினோரு மணியிலிருந்து விடிகிற வரை அது கத்தியிருக்கிறது. அந்த அம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அவர் கதவைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மருமகன் போன் செய்ய, நான் பஸ் பிடித்துப் போனேன். நாயை ஒரு சாக்கில் படுக்க வைத்திருந்தார்கள். கால் முட்டிக்குக் கீழே எலும்பு தெரிந்தது. அந்த அம்மா என்னைப் பார்த்துத் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"ராவெல்லாம் கத்துச்சுய்யா. போயிப் பாக்கலாம்னு ரெண்டு தடவ எந்திரிச்சேன். நீங்க சொன்னீங்கன்னு சொன்னாங்க, வெளிய வரக்கூடாதுன்னு. அதான் போகல."

நீங்க சொன்னீங்கன்னு. அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

நாயை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். காலை எடுக்க வேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டது. இன்றைக்கும் மூன்று காலில் ஆட்டுக்குப் பின்னால் ஓடுகிறது.

அன்று சாயங்காலம் பேரன் கோயம்புத்தூரிலிருந்து வந்தான். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "தாத்தா, மத்த படமெல்லாம் எங்கே?"

எந்த மற்ற படம்? நான் பார்த்தது ஒன்றுதான். மருமகன் அனுப்பியதும் ஒன்றுதான். கேமராவின் மெமரி கார்டில் நானூற்றுச் சொச்சம் படங்கள் இருந்தன. பெரும்பாலும் காற்றில் ஆடும் மட்டை, மயில், நாய், மருமகனின் லுங்கி. பேரன் லேப்டாப்பில் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோப்பில் கடைசித் தாளை மட்டும் பார்த்து உத்தரவு போட்ட ஆள்போல எனக்கு இருந்தது.

மூன்று ராத்திரிகளில், நள்ளிரவுக்கு மேல், அதே மரத்தடியில் அதே உருவம் வந்திருந்தது. அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படங்களில் அது கறுப்பாக இல்லை. சாம்பல் நிற உடம்பு. முதுகில் வரிசை வரிசையாகப் புள்ளிகள். முகத்தில் முகமூடி கட்டியதுபோலக் கறுப்பு, கண்ணுக்குக் கீழே வெள்ளைத் திட்டு. கால்களும் வாலும் மட்டும் கறுப்பு. ஒரு படத்தில் பலாச்சுளையை வாயில் கவ்விக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தது.

"மரநாய்" என்றான் பேரன்.

மரநாய்! பனங்கள் கலயத்தில் வாய் வைக்கும் என்று எங்கள் ஊர்க் கிழவர்கள் சொல்வார்களே, அதேதான். ஓட்டு வீட்டுப் பரணில் குடும்பம் நடத்தும், ராத்திரியில் தடதடவென்று ஓடும். எல்லாருக்கும் தெரிந்த மிருகம். உடம்பு ஒன்றே முக்கால் அடி, அதற்குச் சற்றே குறைந்த நீளத்துக்கு வால்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "அது வேறு மிருகமாக இருக்கலாம். காலை வந்தது சிறுத்தையாக இருக்கலாம் இல்லையா?" பேரன் சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. மறுநாள் காலை என்னைத் தோப்புக்கு அழைத்துப் போனான். ஒரு பிளாஸ்டிக் குழாயில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்பு டேப் சுற்றினான். கேமராவைத் தொடாமல், அந்த மிருகம் நின்ற அதே வேருக்குப் பக்கத்தில் குழாயை நிறுத்தி, அதே கேமராவால் படம் எடுத்தான். பிறகு இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். என் கருஞ்சிறுத்தையின் முதுகு உயரம் ஒரு சாண்தான். சாணுக்குக் கொஞ்சம்கூட இருக்கலாம், அவ்வளவுதான். கேமரா தரையோடு தரையாக இருந்ததாலும், மிருகம் அதற்கு மிக அருகில் நின்றதாலும் பெரிதாகத் தெரிந்திருக்கிறது.

கறுப்பு எப்படி வந்தது? மணி 05:41. வானம் வெளுத்துவிட்டதால் கேமரா பகல் என்று முடிவுசெய்து அகச்சிவப்பு விளக்கை அணைத்துவிட்டது. ஆனால் மரத்தடியில் இன்னும் இருட்டு. மிருகத்துக்குப் பின்னால் கிழக்கு வெளிச்சம். முதல்நாள் ராத்திரி ஒரு மழை பெய்து மயிரெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. ஜன்னலுக்கு எதிரே நின்று போட்டோ எடுத்தால் நம் முகமே கறுப்பாகத்தானே விழும்? அதே கதை.

போதாக்குறைக்கு, தோப்பு மதில்மேல் கிடந்த எச்சத்தையும் காட்டினான். முழுக்க முழுக்க நாவல் கொட்டை. எந்தச் சிறுத்தை நாவல் பழம் தின்கிறது?

எங்கள் பள்ளியில் ஒரு வாத்தியார் பிரெஞ்சுப் பழமொழி ஒன்றை அடிக்கடி சொல்வார். "லா நுய், தூ லே ஷா சோன் க்ரீ." ராத்திரியில் எல்லாப் பூனையும் சாம்பல் நிறம் என்று அர்த்தம். இருட்டில் ஆள் அடையாளம் சொல்லாதே என்பதற்காகச் சொல்வது. பாந்தேர் நுவார் நினைவுக்கு வந்த வேகத்தில் இந்தப் பழமொழி எனக்கு நினைவுக்கு வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், என் விஷயத்தில் ராத்திரிப் படம் உண்மையைச் சொன்னது. பகல் படம்தான் ஏமாற்றியது.

அதன்பிறகு சில மாதங்கள் இதைப் பற்றியே பேரனை நச்சரித்தும், நானாகத் தேடியும் படித்தேன். படித்ததில் உங்களுக்கும் பயன்படும் என்று நினைப்பதைச் சொல்கிறேன்.

முதலாவது, கறுப்பு மிருகம் என்பதே பொய் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டு வாசல் கேமராக்களிலேயே கருஞ்சிறுத்தை நடந்துபோன காட்சிகளைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அது தனி ஜாதி கிடையாது. சாதாரணச் சிறுத்தைதான். தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் அந்த மறைந்திருக்கும் மரபுக்கூறு வந்து சேர்ந்தால் குட்டி கறுப்பாகப் பிறக்கும். ஒரே ஈற்றில் ஒன்று புள்ளியோடும் ஒன்று கறுப்பாகவும் பிறக்கலாம். இது தெரியாமல் 1809இல் பிரான்சின் பெரிய விலங்கியல் மேதை கூவியேவே ஜாவாத் தீவின் கருஞ்சிறுத்தையைத் தனி இனமென்று நினைத்து 'மெலாஸ்', அதாவது கறுப்பு, என்று பெயர் வைத்துவிட்டார். ஜாவாவில் புள்ளிச் சிறுத்தையும் உண்டு. ஆனாலும் அங்குள்ள சிறுத்தைகளுக்கெல்லாம் அறிவியல் பெயரில் இன்றைக்கும் அந்தக் கறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்துவிட்டால் அழிப்பது எவ்வளவு கஷ்டம் பாருங்கள்.

இரண்டாவது, மலேசியாவில் நடந்தது. அந்தத் தீபகற்பத்தில் சிறுத்தைகள் அநேகமாக எல்லாமே கறுப்பு. புலி, சிறுத்தைகளை அவற்றின் வரி, புள்ளியை வைத்துத்தான் இது வேறு, அது வேறு என்று எண்ணுவார்கள். நம் கைரேகை மாதிரி. எல்லாம் கறுப்பாக இருந்தால் எப்படி எண்ணுவது? தெரெங்கானு மாநிலத்தில் ஆராய்ந்தவர்கள் ஒரு எளிய வேலை செய்தார்கள். கேமராவில் வெளிச்சத்தை உணரும் சின்னக் கண்ணை மூடிவிட்டார்கள். கேமரா எந்நேரமும் ராத்திரி என்றே நினைத்து அகச்சிவப்பில் படம் எடுத்தது. அந்த வெளிச்சத்தில் கறுப்புத் தோலுக்குள்ளிருந்த புள்ளிகள் துல்லியமாகத் தெரிந்தன. 2015இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. என் மரநாய்க்கும் நடந்தது ஏறக்குறைய அதுதான். அவர்கள் தெரிந்து செய்தார்கள், எனக்குத் தற்செயலாக அமைந்தது.

மூன்றாவது கதைதான் என்னை அதிகம் பாதித்தது. ஒடிசாவில் மயூர்பஞ்ச் மாவட்டத்தில் சிமிலிபால் புலிகள் காப்பகம். அங்கே கறுப்புப் புலி இருக்கிறது என்று மலைவாசி மக்கள் காலம்காலமாகச் சொல்லி வந்தார்கள். படித்தவர்கள் நம்பவில்லை. கருஞ்சிறுத்தையைப் பார்த்துவிட்டுப் புலி என்கிறார்கள், மர நிழலைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள் என்று ஒதுக்கினார்கள். 1993இல் ஒரு கிராமத்துப் பையன் தன்னைக் காத்துக்கொள்ள வில்லால் அடித்துக் கொன்ற பெண்புலி கறுப்பாக இருந்தது. 2007இல் தானியங்கிக் கேமராவில் உயிரோடு பதிவாயிற்று.

அவை முழுக்கக் கறுப்பு அல்ல. புலியின் கறுப்பு வரிகள் அகன்று, ஒன்றோடொன்று கலந்து, நடுவே இருக்கும் மஞ்சளை மூடிவிடுகின்றன. இதற்குக் காரணம் என்ன என்பதை பெங்களூரில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் உமா ராமகிருஷ்ணன் அம்மையாரும் அவரிடம் ஆராய்ச்சி செய்த வினய் சாகரும் கண்டுபிடித்து 2021 செப்டம்பரில் வெளியிட்டார்கள். டாக்பெப் என்ற ஒரு மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. சிமிலிபால் புலிகளில் சுமார் 37 சதவீதத்துக்கு இந்தக் கறுப்பு என்றார்கள். சிமிலிபாலுக்கு வெளியே கறுப்புப் புலிகள் அப்போது இருந்தது மூன்று உயிரியல் பூங்காக்களில்தான். புவனேஸ்வர் நந்தன்கானன், ராஞ்சி, மூன்றாவது நம்முடைய வண்டலூர். அவையும் பூங்காவில் பிறந்தவை. நம்மில் எத்தனை பேர் பேரப்பிள்ளைகளோடு வண்டலூர் போயிருக்கிறோம்!

இதே மரபணு மாறியதால்தான் ஆப்பிரிக்காவில் 'ராஜ சிவிங்கி' என்று ஒன்று உண்டு. புள்ளிகள் கலந்து பட்டையாக இருக்கும். 1926இல் ரொடீசியாவில் கவனத்துக்கு வந்து, மறுவருடமே போகாக் என்ற பிரிட்டிஷ் நிபுணர் அது புது இனம் என்று அறிவித்துவிட்டார். 1981இல் தென்னாப்பிரிக்காவில் ஒரு வளர்ப்பு மையத்தில் சாதாரணச் சிவிங்கிக்கு அப்படிக் குட்டி பிறந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. கூவியே, போகாக், பிறகு நான். நல்ல வரிசையில்தான் நிற்கிறேன் என்று பேரனிடம் சொன்னேன்.

ஆனால் சிமிலிபால் கதையில் சிரிக்க ஒன்றுமில்லை. மற்ற இடங்களில் இல்லாத கறுப்பு அங்கே மட்டும் ஏன் இத்தனை? அந்தப் புலிகள் ஒரு சிறு கூட்டமாகத் தனித்துப்போய்விட்டன. வெளியிலிருந்து வேறு புலி வந்து சேர வழியில்லை. சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்கிற குடும்பம்போல ஒரே ரத்தம் சுற்றிச் சுற்றி வருகிறது. 2022 கணக்கெடுப்பில் அங்கே பதிவான பதினாறு புலிகளில் பத்து கறுப்பு என்று மந்திரி மாநிலங்களவையில் சொன்னார். பார்க்கிறவர்களுக்கு அதிசயம். அந்தப் புலிகளுக்கு அது தனிமையின் அடையாளம். 2024 கடைசியில் புது ரத்தம் சேர்க்க மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண்புலிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். ஜீனத் அங்கே தங்காமல் ஜார்கண்ட், மேற்கு வங்கம் என்று நடந்துபோய், டிசம்பர் கடைசியில் பாங்குராவில் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். புகுந்த வீடு பிடிக்காத பெண்ணைப்போல என்று என் வீட்டு அம்மாள் சொன்னார்.

கடைசியாக, இலங்கை. 2019 அக்டோபரில் அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் தானியங்கிக் கேமராவில் உயிருள்ள கருஞ்சிறுத்தை பதிவாயிற்று. பெரிய சந்தோஷமாகக் கொண்டாடினார்கள். ஏழு மாதம் கழித்து, 2020 மே கடைசியில், மஸ்கெலியாவுக்கு அருகே நல்லதண்ணியில், லக்சபானத் தேயிலைத் தோட்டத்துக் காய்கறிப் பாத்தியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். சில நாளில் இறந்துவிட்டது. அதற்காகப் போட்ட கண்ணியும் அல்ல அது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தச் சாக்கில் கிடந்த செவலை நாயின் கால்தான் கண்முன் நின்றது. கண்ணிக்கு எது கறுப்பு, எது செவலை, எது அதிசயம், எது ஆட்டுக்காரம்மாவின் நாய் என்று தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிட்டால்தான் இந்தப் பதிவு முடியும்.

எண்பதுகளில் நான் ஒரு அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகை பிரிவில் இருந்தேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். ஒரு கிழவி மனு கொடுத்திருந்தார். அதோடு ஒட்டியிருந்த போட்டோ மோசமான பிரிண்ட். முகம் முழுக்கக் கறுப்பு, கண்ணும் மூக்கும் தெரியவில்லை. அவர் எதிரேதான் நின்றார். நான் ஒரு தடவை போட்டோவைப் பார்த்தேன். ஒரு தடவை அவரைப் பார்த்தேன். 'படத்தில் உள்ளவரும் நேரில் ஆஜரானவரும் ஒருவரே என்பது தெளிவாகத் தெரியவில்லை' என்று குறிப்பு எழுதினேன். வேறு போட்டோ கொண்டுவரச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோதும் அதே போட்டோதான். வேறு எடுக்கக் காசில்லை என்றார். நான் மறுபடி அதையே எழுதினேன். மூன்றாவது முறை அவர் வரவில்லை. கோப்பு கொஞ்ச நாள் என் மேஜையில் இருந்தது. பிறகு 'மனுதாரர் ஆஜராகவில்லை' என்று எழுதி முடித்துவைத்தேன்.

அவர் ஊர்க்காரர்கள் யாரையாவது கேட்டிருக்கலாம். கிராம அதிகாரிக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். ரேஷன் கார்டைப் பார்த்திருக்கலாம். பார்க்க இன்னும் பத்துத் தாள்கள் இருந்தன. நான் ஒரு கறுப்புப் போட்டோவை மட்டும் பார்த்தேன். அங்கே தேவைக்கு மேல் சந்தேகப்பட்டேன், இங்கே சந்தேகமே இல்லை என்றேன். இரண்டும் ஒரே சோம்பேறித்தனம்தான் என்று இப்போது தோன்றுகிறது. நாற்பது வருடமாக அந்தக் கிழவியை மறந்திருந்தேன். மரநாய் வந்து ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் அந்த டீக்கடைக்குப் போனேன். மருமகன், "நான் சொல்லிக்கிறேன் மாமா, நீங்க எதுக்கு?" என்றார். வேண்டாம் என்றேன். நாலு பேர் இருக்கும்போது பேரனின் லேப்டாப்பைத் திறந்து எல்லாப் படத்தையும் காட்டினேன். "நான் சொன்னது தப்பு. அது மரநாய். ஒரு படத்தைப் பார்த்துட்டு அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்" என்றேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரியவர், "மரநாயா! அது எங்க வீட்டுப் பரண்ல மூணு தலைமுறையா இருக்குதே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பக்கத்துத் தோப்புக்காரரிடம் பேரன் பேசினான். 1972ஆம் வருடச் சட்டப்படி கண்ணி வைத்து வனவிலங்கு பிடிப்பது குற்றம், வழக்கு வந்தால் ஆடு போனதைவிட நஷ்டம் என்று பக்குவமாக எடுத்துச் சொன்னான். மீதி மூன்று சுருக்குகளையும் அவரே எங்களோடு வந்து அவிழ்த்தார். ஆட்டுப் பட்டிக்கு நான் கொஞ்சம் பணம் போட்டு வலைக்கம்பி அடித்துக் கொடுத்தேன். நாயின் மருத்துவச் செலவு என்னுடையது. அந்த அம்மா வாங்க மறுத்தார், மகள் மூலமாகக் கொடுத்தேன். செலவைக் கணக்குக் காட்டுவதற்காக இதை எழுதவில்லை. பணம் கொடுத்துத் தீர்ந்த விஷயமும் இல்லை.

இந்த வருடமும் பலா காய்த்தது. மரநாயும் வந்தது. மருமகன் இப்போது வேலியோரத்து இரண்டு மரத்தை அதற்கென்றே விட்டுவிட்டார். தின்றுவிட்டுக் கொட்டையை எங்கெங்கோ போட்டு அதுவும் மரம் வைக்கிறதாம். கேமரா இன்னும் அதே தென்னையில் இருக்கிறது. படம் வந்தால் மருமகன் எனக்கு அனுப்புகிறார். நான், "கார்டு முழுக்கப் பார்த்தாச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.

ஆனால் வடகாடு பக்கம் போனால் இன்றைக்கும் யாராவது ஒரு பையன், "அய்யா, நீங்க பார்த்த கருஞ்சிறுத்தை அப்புறம் வந்துச்சா?" என்று கேட்கிறான். ஒவ்வொரு தடவையும் உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்கிறேன். நான் தப்பாகச் சொன்னது ஒரு மத்தியானத்துக்குள் பத்து ஊருக்குப் போயிற்று. திருத்தம் மட்டும் ஒவ்வொரு வீடாக நடந்துதான் போக வேண்டியிருக்கிறது. பரவாயில்லை, எனக்கு வேறு வேலை இல்லை.

உங்கள் ஊரில் மரநாயை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? பரணில் குடியிருந்த கதைகள் இருந்தால் எழுதுங்கள். அடுத்த பதிவில், சொன்னபடி, காரைக்கால் பள்ளிக்கூடம்.